குற்றாலத்தில் விழுவது மூலிகை நீர்தான்: கல்லிடைக்காரனுக்குப் பதில்

மேலகரத்தான்:
போன வாரம் "சீசனுக்கு எங்கே போகலாம்" திரியில் கல்லிடைக்காரன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "தென்னகத்தின் ஸ்பா என்பதெல்லாம் விளம்பரம். குற்றாலத்தில் விழுவது வெறும் மழைத் தண்ணீர். மூலிகை நீர் என்பது லாட்ஜ்காரர்கள் கட்டிவிட்ட கதை" என்று போட்டிருந்தார். அங்கேயே பதில் போட்டால் ரூம் வாடகைப் பேச்சில் காணாமல் போய்விடும். அதனால்தான் தனித் திரி.

நான் பிறந்து வளர்ந்தது மேலகரம். குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயரும் எங்கள் ஊர்க்காரர்தான். ஆனி, ஆடி இரண்டு மாதமும் கொடியில் போட்ட துணி காயாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று நுழைந்து சாரலைத் தூக்கிக்கொண்டு வரும். அது மழை இல்லை, பனியும் இல்லை, வெயில் அடிக்கும்போதே முகத்தில் பூவாக விழும். மேலே திரிகூட மலையில் தேனருவி, அப்புறம் செண்பகாதேவி, அதற்கும் கீழே சிற்றருவிப் பக்கம் என்று சோலைக்காடு முழுக்க நனைத்துக்கொண்டு வருகிற தண்ணீர் அது. அதைப் போய் வெறும் மழைத் தண்ணீர் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

கல்லிடைக்காரன்:
மனசு வருவதற்கு என்ன, இருபது வருடமாக வேதியியல் நடத்துகிறேன், அதனால் வருகிறது. ஒரு குடம் தண்ணீரில் நாலு துளசி இலையைத் தொட்டு எடுத்தால் அது கஷாயம் ஆகிவிடுமா? மேலே மழை பெய்தால் சில மணி நேரத்தில் மெயின் அருவிப் பாறையில் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி வெள்ளம் கொட்டுகிறது. அந்த வேகத்தில் ஓடும் தண்ணீரில் எந்த வேரின் சாறு இறங்கும்? கீழே இருப்பதோ கடினப் பாறை, அது உப்பும் விடாது. சுத்தமான மழைத் தண்ணீர், அவ்வளவுதான். சுத்தமான தண்ணீர் என்று சொல்லுங்கள், நானும் கூட வந்து குளிக்கிறேன். மூலிகை நீர் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று. குற்றாலநாதருக்கு அர்த்தஜாமத்தில் கடுக்காய்க் கஷாயம் நைவேத்தியம் வைக்கிறார்கள். பக்கத்திலேயே அருவி விழுவதால் சாமிக்குக் குளிர் காய்ச்சல் வரக்கூடாது என்று வைப்பதாக உங்கள் ஊர்க்காரர்களேதான் சொல்கிறார்கள். அருவித் தண்ணீரே மருந்து என்றால் சாமிக்கு ஏன் கஷாயம்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மேலகரத்தான்:
சாமியை இழுத்தது நீங்கள். மருந்து சாப்பிடுகிறவனுக்குப் பத்தியம் இல்லையா? எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு எங்கள் ஆச்சி மிளகு ரசம் வைப்பாள். எண்ணெய் கெடுதல் என்றா வைத்தாள்? குளிர்ச்சிக்குச் சூடு, அதுதான் கணக்கு.

கழுத்தில் முதல் அடி விழும்போது மூச்சு நிற்கும். காது அடைத்துக்கொள்ளும். கம்பியைப் பிடித்த கை மரத்துப்போகும். பக்கத்தில் நிற்பவன் யாரென்று தெரியாது, அவன் தோளும் உங்கள் தோளும் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்தால் உடம்பில் ஒரு லேசு வரும் பாருங்கள். வீட்டுக் குழாயில் ஒரு மணி நேரம் நின்றாலும் அது வராது. வெறும் தண்ணீருக்கு அது வருமா?

கல்லிடைக்காரன்:
வரும். அத்தனை உயரத்திலிருந்து எந்தத் தண்ணீர் விழுந்தாலும் வரும். அது அடியின் பலன், மூலிகையின் பலன் இல்லை. அர்த்தஜாமக் கஷாயத்துக்குப் பதில் வரவில்லை. பத்தியம் என்பது பதில் இல்லை.

வாசகன்77:
இரண்டு பேரும் மூலிகை நீர் என்று எதைச் சொல்கிறீர்கள்? மூலிகைச் சாறு கலந்ததா, மூலிகைக் காட்டு வழியாக வந்ததா? ஸ்பா என்ற சொல்லே பெல்ஜியத்தில் அந்தப் பெயரில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து வந்தது. அங்கே அது தாது உப்புக் கலந்த ஊற்று. எதைப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

மேலகரத்தான்:
பெல்ஜியம் எங்கேயோ இருக்கட்டும் தம்பி. நம்ம ஊரைப் பேசுவோம். பொங்குமாங்கடல் பார்த்திருக்கிறீர்களா? மெயின் அருவி நேராகக் கீழே விழுவதில்லை. நடுவில் பாறையில் ஓர் ஆழமான குழி, அதில் விழுந்து பொங்கித்தான் நம்ம தலையில் இறங்குகிறது. அந்தக் குழி மட்டும் இல்லையென்றால் அடியில் ஒருவரும் நிற்க முடியாது. இயற்கையே வடிவமைத்துக் கொடுத்த குளியல் தொட்டி. இந்த ஊரை ஸ்பா என்று வெள்ளைக்காரன் சொன்னால் ஒப்புக்கொள்வீர்கள், நாங்கள் சொன்னால் கதை.

கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்தில் கிராம்பும் சாதிக்காயும் கொண்டுவந்து இங்கேதான் தோட்டம் போட்டார்கள். ஏன் வேறு இடத்தில் போடவில்லை? மண் அப்படி. மண் அப்படி என்றால் தண்ணீரும் அப்படித்தான்.

கல்லிடைக்காரன்:
சாதிக்காய் விளைந்தால் தண்ணீர் மூலிகை நீர் ஆகிவிடுமா? அப்படியானால் நெல் விளைகிற எங்கள் கல்லிடைக்குறிச்சி வாய்க்காலில் ஓடுவது அரிசிக் கஞ்சியா?

மேலகரத்தான்:
போன வருடம் அல்வாத் திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள். தாமிரபரணித் தண்ணீரால்தான் திருநெல்வேலி அல்வாவுக்கு அந்த ருசி என்று நாற்பது பதிவு போட்டது நீங்கள்தானே? அங்கே தண்ணீருக்குக் குணம் உண்டு, குற்றாலத்துக்கு மட்டும் இல்லையா? குற்றாலத்துச் சிற்றாறும் போய்ச் சேருவது அதே தாமிரபரணியில்தான்.

கல்லிடைக்காரன்:
அல்வாவில் நான் சொன்னது ருசி. மருந்து என்று சொல்லவில்லை. மருந்தென்று சொன்னது நீங்கள். எங்கள் பக்கம் பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி வருடம் முழுவதும் விழுகிறது. சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம், வரிசையில் இடிபட வேண்டாம். நாங்கள் அதை மூலிகை நீர் என்று விற்கவில்லை.

மேலகரத்தான்:
வருடம் முழுவதும் விழுவது மேலே காரையாறு அணை இருப்பதால். அணை திறந்து விடுகிற தண்ணீரும் சாரலில் வருகிற தண்ணீரும் ஒன்றா?

செங்கோட்டை மருமகள்:
அண்ணாச்சிமார் இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். போன திரியில் கேட்டவர் நாலு நாள் குடும்பத்தோடு வருகிறார், அவருக்கு யாராவது பதில் சொன்னீர்களா? நான் சொல்கிறேன்.

காலையில் ஐந்தருவி, கூட்டம் வருவதற்கு முன். திரும்பும்போது இலஞ்சிக் குமாரரைப் பார்த்துவிடலாம். மறுநாள் பண்பொழி திருமலைக்கோவில், அங்கிருந்து சுற்றிலும் தெரியும் மலையும் வயலும் கண்ணை விட்டுப் போகாது. ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கும். தென்காசி விசுவநாதர் கோவிலுக்குச் சாயங்காலம் போங்கள். கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும், என் மாமியார் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். பராக்கிரம பாண்டியன் 1446-இல் தொடங்கிய கோவில் அது. பின்னாளில் இந்தக் கோவிலைப் பாதுகாப்பவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்வெட்டில் சொல்லிவிட்டுப் போன ராஜா. பழைய கோபுரம் இடிந்து கிடந்து, இப்போது நிற்பது 1990-இல் முடிந்தது.

தேனருவிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வனத்துறை விடுவதில்லை, பாதையும் ஆபத்து.

மதுரைப் பயணி:
எல்லாம் சரி அக்கா, தங்குவது எங்கே? போன ஆடியில் ஒரு லாட்ஜில் போனில் ஒரு வாடகை சொல்லி, போய் இறங்கியதும் இரண்டு மடங்கு கேட்டார்கள். நனைந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். அதைப் பேசாமல் மூலிகை, மூலிகை என்கிறார்கள். அருவிக்கரையில் பஜ்ஜி எண்ணெயும் ஷாம்பு பாக்கெட்டும்தான் நான் பார்த்த மூலிகை.

மேலகரத்தான்:
எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. அதையும் மீறிப் போடுவது வெளியூரிலிருந்து வருகிறவர்கள். அழுக்காவது பாறைக்குக் கீழே. மேலிருந்து விழுகிற தண்ணீருக்கு உங்கள் ஷாம்பு என்ன செய்யும்? அது காட்டிலிருந்து வந்தது வந்தபடியே விழுகிறது.

மதுரைப் பயணி:
"வெளியூர்க்காரர்கள்" இல்லையென்றால் உங்கள் ஊரில் சீசன் ஏது? பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் யார் சாப்பிடுவது? அதுவும் முன்பு இருந்த ருசி இல்லை.

செங்கோட்டை மருமகள்:
பார்டர் புரோட்டாவைக் குறை சொல்லாதீர்கள். அது எங்கள் செங்கோட்டைப் பக்கம், குற்றாலக் கணக்கில் சேராது. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. பார்டர் என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

மேலகரத்தான்:
சீசன் இல்லையென்றால் பார்டரில் ஒரு கோழியும் விற்காது. குற்றாலத்தால்தான் செங்கோட்டைக்கு வண்டி வருகிறது.

செங்கோட்டை மருமகள்:
வாஞ்சிநாதன் பிறந்த ஊர் எங்கள் ஊர். குற்றாலத்தைக் காட்டி எங்களுக்குப் பெயர் வாங்கித் தர வேண்டாம்.

புனலூர் ரயில்:
வண்டி என்றால் ரயிலைச் சொல்லுங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மலையைக் குடைந்து போகிற பாதை 1904-இல் வந்தது. பதின்மூன்று கண் பாலம் பார்க்காமல் யாரும் திரும்ப வேண்டாம். மீட்டர் கேஜை எடுத்துவிட்டு 2018-இல் அகலப் பாதையில் திறந்தார்கள். ஆரியங்காவில் இறங்கினால் பாலருவி, சுமார் 300 அடி. அதைப் பார்த்த பிறகு ஐந்தருவியை அருவி என்றே சொல்ல மாட்டீர்கள்.

மேலகரத்தான்:
பாலருவியை யாரும் குறை சொல்லவில்லை. சம்பந்தர் பாடியது எதை? குற்றாலத்துக்கு ஒரு பதிகம், கோவிலின் தல மரமான குறும்பலாவுக்குத் தனியாக இன்னொரு பதிகம். ஒரே ஊருக்கு இரண்டு. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வந்து குடியிருந்தது எங்கே? பாலருவியிலா?

குற்றாலத்துச் சித்திர சபைக்குள் ஒரு தரம் போய் வாருங்கள். நடராசருக்கு ஐந்து சபை, அதில் ஓவியமாகவே ஆடுகிற சபை இது ஒன்றுதான். செப்புத் தகட்டுக் கூரை, வெளியே தெப்பக்குளம், உள்ளே சுவர் முழுக்க ஓவியம். நான் சின்னப் பையனாக இருந்தபோது தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். வெளியே சாரல், உள்ளே அரை இருட்டு, கண் பழகப் பழகச் சுவரிலிருந்து ஒவ்வொரு முகமாக வெளியே வரும். தாத்தா ஒன்றும் பேசமாட்டார், அந்தந்த உருவத்தின் முன்னால் நிறுத்துவார், அவ்வளவுதான். அதற்கு மூலிகை வண்ணம். இந்த மலையில் மூலிகை இல்லாமலா வண்ணம் வந்தது?

கல்லிடைக்காரன்:
மலையில் மூலிகை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? இருக்கிறது. சித்திர சபை ஓவியங்களை உங்களைவிட அதிகம் தடவை பார்த்தவன் நான். மலையில் மூலிகை இருப்பது வேறு, தண்ணீரில் இருப்பது வேறு. தண்ணீரில் இருந்தால் அர்த்தஜாமத்தில் கடுக்காய் எதற்கு?

வாசகன்77:
அதைத்தான் நானும் கேட்டேன்: கலந்ததா, வழியாக வந்ததா?

மேலகரத்தான்:
கடுக்காய், கடுக்காய் என்று எத்தனை தரம் கேட்பீர்கள்? கடுக்காயே மூலிகைதானே! குற்றாலநாதருக்குத் தைலம் காய்ச்சிச் சாத்துகிறார்கள். அகத்தியர் கை பட்டதால் தலைவலி என்று ஐதீகம், அதற்கு மூலிகைத் தைலம். சாமிக்குத் தலையில் தைலம், இரவில் கஷாயம், பக்கத்தில் அருவி. ஊரே வைத்தியசாலையாக இருக்கிறது. உங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

கல்லிடைக்காரன்:
வைத்தியசாலையில் தண்ணீர்க் குழாயும் இருக்கும். குழாயில் வருவது மருந்து இல்லை.

செங்கோட்டை மருமகள்:
நாலு நாள் வருகிறவர் இன்னும் காத்திருக்கிறார். பழைய குற்றாலத்தில் இன்று தண்ணீர் எப்படி என்று யாராவது சொல்லுங்களேன்.

மேலகரத்தான்:
பழைய குற்றாலம் தெரியாது. மெயின் அருவியில் காலையில் ஆர்ச்சைத் தொட்டு விழுந்தது, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் விட்டார்கள். நான் இப்போதுதான் குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன், தலை இன்னும் காயவில்லை. ஒரு வாரமாக இருந்த தோள்வலி இல்லை. கல்லிடைக்காரன் இதற்கு என்ன சொல்கிறார்?

கல்லிடைக்காரன்:
அடியின் பலன். ராத்திரி சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் படுங்கள்.

மேலகரத்தான்:
சுக்கும் மூலிகைதான்.