தனியே வாழும் துறவி யாருடைய பாதங்களைக் கழுவுவார்?

கேள்வி: குருசடி

அனைவருக்கும் வணக்கம். எகிப்தின் பாலைவனத் துறவியான வனத்து அந்தோணியாரின் வரலாற்றை அண்மையில் முழுமையாக வாசித்தேன். கோவிலில் வாசிக்கப்பட்ட நற்செய்தியைக் கேட்டு, பெற்றோர் விட்டுச்சென்ற நிலத்தைக் கொடுத்துவிட்டு, தங்கையைக் கன்னியரிடம் ஒப்படைத்து, கடைசியில் பாழடைந்த ஒரு கோட்டைக்குள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனித்திருந்த அவருடைய மனவுறுதி என்னை ஆழமாகத் தொட்டது. ஆனால் அதே 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பேசில், தனியாக வாழ்பவர் யாருடைய பாதங்களைக் கழுவுவார் என்று தம் துறவிகளுக்கான அறிவுரையில் கேட்டிருக்கிறார். இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை ஒவ்வொரு பெரிய வியாழனன்றும் நினைவுகூரும் நமக்கு இந்தக் கேள்வியை எளிதில் கடந்துபோக முடியாது. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கார்மேல் மடத்துச் சகோதரிகளைப் பற்றி, "உள்ளேயே அடைந்திருப்பவர்களால் யாருக்கு என்ன பயன்?" என்று உறவினர்கள் கேட்கும்போதும் இதே கேள்விதான் வேறு வடிவில் வருகிறது. பிறரன்புக் கட்டளையும் தனிமைத் துறவும் எப்படி ஒன்றாக நிற்க முடியும்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓலைப்பாய்

அன்புடையீர், பேசில் இந்தக் கேள்வியை வெளியே நின்று கேட்கவில்லை என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. எகிப்து, பாலஸ்தீனம், சிரியா ஆகிய இடங்களின் துறவிகளை நேரில் கண்டு திரும்பியவர் அவர். இன்றைய துருக்கியில் உள்ள பொந்து நாட்டில் ஐரிஸ் ஆற்றங்கரையில் தாமே ஒதுங்கி வாழ்ந்தவர். நகரத்தை விட்டு வந்துவிட்டேன், ஆனால் என்னை விட்டு வரமுடியவில்லை என்ற கருத்தில் நண்பர் கிரகோரிக்கு அவர் எழுதிய கடிதம் அந்த நாட்களுக்குரியது. பின்னாளில் செசரியாவில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அவர் எழுப்பிய பெரிய இல்லம், அவருடைய கேள்விக்கு அவரே செயலால் கொடுத்த விடை.

எகிப்தின் பாலைவனமும் நாம் கற்பனை செய்வதுபோல் ஆளரவமற்ற இடமாக இருக்கவில்லை. துறவிகள் பலர் குடியிருந்த நித்ரியா மலையில் ஏழு ரொட்டிக் கூடங்கள் இருந்ததாகவும், கோவிலையொட்டி ஒரு விருந்தினர் இல்லம் இருந்ததாகவும், அங்கு வந்து தங்குபவரை ஒரு வாரம் சும்மா இருக்கவிட்டு, அதன்பின் தோட்டத்திலோ ரொட்டிக் கூடத்திலோ சமையலறையிலோ வேலை கொடுத்ததாகவும் அத்துறவிகளோடு வாழ்ந்த பல்லாதியுஸ் எழுதியிருக்கிறார். வார நாட்களில் தத்தம் குடிலில் தனித்திருந்தவர்கள் சனி, ஞாயிறுகளில் திருவழிபாட்டுக்கு ஒன்றுகூடினார்கள். ஓலை முடைந்தும் அறுவடைக் காலத்தில் கூலிக்குக் கதிர் அறுத்தும் உழைத்து, தம் தேவைக்குப் போக மீந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள்.

அந்தோணியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 311ஆம் ஆண்டளவில் மாக்சிமினுஸ் பேரரசனின் கொடுமை மூண்டபோது, அவர் பாலைவனத்தை விட்டு அலெக்சாந்திரியாவுக்கு வந்து, சிறைகளிலும் சுரங்கங்களிலும் வாடிய கிறிஸ்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். அந்த 20 ஆண்டுத் தனிமைக்கு முன் அவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்று எனக்குள் பலமுறை கேட்டிருக்கிறேன். முடிந்திருக்காது என்றே நம்புகிறேன். உயிர்மேல் உள்ள அச்சம் அடங்காத ஒருவர் அந்தச் சிறைவாசலில் போய் நின்றிருக்க மாட்டார்.

மறுமொழி: நெய்தல் நிலத்தான்

ஓலைப்பாய் அவர்கள் தந்த செய்திகளை ஏற்கிறேன். ஆனால் துறவியின் தனிமைக்கு, அவர் எப்போதாவது வெளியே வந்து செய்த உதவியை மட்டும் சான்றாகக் காட்டினால், தனிமை தன்னளவில் பயனற்றது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லாரிடமிருந்தும் பிரிந்து எல்லாரோடும் இணைந்திருப்பவரே துறவி என்று எகிப்தின் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் சொன்னார். அவர் 399இல் இறந்தவர். கெல்லியா என்னும் குடில்நிலத்தில் வாழ்ந்து, மனச்சோர்வு என்னும் 'நண்பகல் பேயை' மிக நுணுக்கமாக விவரித்தவர். அந்தப் பேய் வந்தால் கதிரவன் நகராததுபோலத் தோன்றும், பகல் 50 மணி நேரமாக நீளும், துறவி சாளரத்தை அடிக்கடி எட்டிப் பார்ப்பார், இருக்கும் இடத்தின்மேலும் கைவேலையின்மேலும் வெறுப்பு வரும், உடன்வாழ்பவர்களிடம் அன்பே இல்லை என்று தோன்றும்.

அவருடைய வழியில் எழுதிய யோவான் கசியான் இன்னும் ஒரு படி ஆழமாகச் செல்கிறார். தொலைவில் நோயுற்றிருக்கும் சகோதரரைப் போய்ப் பார்ப்பதும், துணையற்ற ஒரு பக்தியுள்ள பெண்ணுக்கு உதவுவதும் அல்லவா மேலான பணி, பயனில்லாமல் இந்தக் குடிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அதே சோர்வு பேசும் என்கிறார். இரக்கத்தின் குரலில் பேசும் சோதனையை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக வாசித்ததில்லை. உங்கள் கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும்: நம்முடைய பிறர்பணியில் எவ்வளவு அன்பிலிருந்து வருகிறது, எவ்வளவு தனியே இருக்கமுடியாத தவிப்பிலிருந்து வருகிறது?

கேட்டவர்: குருசடி

இருவருக்கும் நன்றி. கசியானின் கருத்து என்னை நிறுத்தி யோசிக்கவைக்கிறது. ஆனால் எதிர்மாறாகவும் நடக்கலாம் அல்லவா? மனிதர்களைப் பொறுக்கமுடியாமல் விலகிப்போகிறவரும் தம் தனிமையைச் செபம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிய முன்னோர் ஏதாவது வழி சொல்லியிருக்கிறார்களா?

மறுமொழி: சிற்றாலயம்

சொல்லியிருக்கிறார்கள். புனித ஆசீர்வாதப்பர், அதாவது நாம் பெனடிக்ட் என்று அழைப்பவர், 6ஆம் நூற்றாண்டில் எழுதிய சட்டநூலின் முதல் அதிகாரத்திலேயே இதற்கு இடம் தந்திருக்கிறார். தனிவாழ்வுக்குச் செல்பவர் தொடக்கநிலை ஆர்வத்தோடு செல்பவராக இருக்கக்கூடாது. மடத்தில் பலரோடு நெடுங்காலம் வாழ்ந்து, அவர்களுடைய துணையால் போராடக் கற்றுக்கொண்டவராக இருக்கவேண்டும். சகோதரர்களைப் பொறுக்கமுடியாதவருக்குத் தனிக்குடில் மருந்தாகாது என்பதே இதன் உட்பொருள். பேசிலின் கேள்விக்கும் அந்நூலில் நேரடி விடை உண்டு: 35ஆம் அதிகாரத்தின்படி, ஒரு வாரம் சமையலறையில் பணிசெய்தவர் சனிக்கிழமையன்று, அடுத்த வாரப் பொறுப்பை ஏற்பவரோடு சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவுகிறார், 53ஆம் அதிகாரத்தின்படி, வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்று, மடத்தலைவரும் குழுவினர் அனைவரும் அவர்களுடைய பாதங்களைக் கழுவுகிறார்கள்.

தனிக்குடிலையும் குழுமடத்தையும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கும் கமால்தொலி துறவற மரபு 11ஆம் நூற்றாண்டில் புனித ரோமுவால்தோவிடமிருந்து வந்தது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் 1950இல் தொடங்கப்பட்ட சாந்திவனம் இன்று அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வாய்ப்பிருந்தால் சென்று பாருங்கள்.

தனிமை அன்பில் முடிந்ததா என்று அறிய நான் நம்பும் அடையாளம் ஒன்றுதான்: அந்த மனிதர் பிறரைத் தீர்ப்பிடுவது குறைந்திருக்கிறதா? எகிப்தின் ஸ்கேத்தே பாலைவனத்தில் தவறிழைத்த ஒரு சகோதரரைப் பற்றி முடிவெடுக்க மூப்பர்கள் கூடியபோது, அழைக்கப்பட்ட மோசே என்னும் துறவி ஒழுகும் பாத்திரத்தில் நீர் சுமந்துகொண்டு வந்தார். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, அவற்றை நான் பார்ப்பதில்லை, ஆனால் மற்றொருவரின் தவறுக்குத் தீர்ப்பளிக்க வந்திருக்கிறேன் என்றார். அந்தச் சகோதரர் மன்னிக்கப்பட்டார்.

கார்மேல் சகோதரிகளைப் பற்றிக் கேட்கும் உறவினர்களுக்கு ஒரு சொல். 1562இல் ஆவிலாவில் தம் முதல் சீர்திருத்த மடத்தை நிறுவிய புனித தெரேசா, சகோதரிகளுக்கு மௌன நேரத்தோடு, ஒன்றுகூடி மகிழ்ந்து பேசும் நேரத்தையும் வகுத்தார். கீழ்ப்படிதல் சமையலறைக்கு அனுப்பினால் ஆண்டவர் பானைகளுக்கிடையிலும் நடமாடுகிறார் என்று எழுதினார். சிறு எண்ணிக்கையினர் இறுதிவரை ஒரே சுவர்களுக்குள் வாழும் இடத்தில் பிறரன்பை நாளைக்கென்று ஒத்திவைக்கவே முடியாது. அந்தச் சகோதரிகள் வருவோரைச் சந்திக்கும் பேச்சறைக்கு உறவினர்களை ஒருமுறை அழைத்துச் சென்று, தங்கள் செபத் தேவைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பயன் என்ன என்ற கேள்விக்கு நாம் தரும் விளக்கத்தைவிட அங்கு அவர்கள் எவ்வளவு கவனத்தோடு செவிகொடுக்கப்படுகிறார்கள் என்பது நல்ல விடையாக இருக்கும்.