உதவி: டூல் பேட்டரியில் ஸ்பாட்லைட் செய்தேன், சில நிமிடத்தில் அணைகிறது, தூரமும் எட்டவில்லை

மந்தைவெளி மெக்கானிக்

வணக்கம். நான் ஏசி சர்வீஸ் பார்க்கிறவன். டிரில்லுக்கு வாங்கிய 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு கையில் இருக்கின்றன. மச்சான் நொச்சிக்குப்பத்தில் ஃபைபர் போட்டில் போகிறவர். இருட்டில் வலையின் மிதவைக் கொடியைத் தேட கையில் பிடிக்கிற மாதிரி ஒரு நல்ல லைட் கேட்டார். இப்போது தடைக்காலம், விசைப்படகு எதுவும் இறங்காது, ஃபைபர் போட்டுகளுக்குத்தான் ஓட்டம். அதனால் கொஞ்சம் அவசரம்.

புதுப்பேட்டையில் பழைய ஹேண்ட் ஸ்பாட்லைட் ஒன்று கிடைத்தது. எச்3 ஹாலஜன் பல்பு போடுகிற வகை, ரிஃப்ளெக்டர் நன்றாக இருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய 100 வாட் சிஓபி எல்இடியை (பல எல்இடி சில்லுகளை ஒரே தகட்டில் நெருக்கி வைத்த வகை), சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கோடு வைத்தேன். அது 32 வோல்ட் கேட்பதால் நடுவில் வோல்ட்டை ஏற்றித் தரும் ஒரு பூஸ்ட் கன்வர்ட்டர். பேட்டரியைச் செருக ஆன்லைனில் விற்கும் பிளாஸ்டிக் அடாப்டர்.

சில நிமிடம் எரிந்ததும் சிமிட்ட ஆரம்பித்து அணைகிறது. பேட்டரியைக் கையால் லேசாக அழுத்தினால் மறுபடி எரிகிறது. இரண்டாவது, பக்கத்துச் சுவர் பகல் மாதிரி தெரிகிறது, ஆனால் கடற்கரையில் போய் அடித்தால் தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது, ஒரு பேட்டரியை அணையும் வரை ஓட்டினேன், இப்போது சார்ஜரில் போட்டால் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னுகிறது, ஏறவில்லை. 150 வாட் எல்இடி போட்டால் தூரம் எட்டுமா?

ரிச்சி தெரு ரசிகன்

மலிவு கன்வர்ட்டர்கள் எல்லாம் இப்படித்தான் ப்ரோ. சின்ன ஃபேன் ஒன்று வைத்துப் பாருங்கள்.

பழைய சர்வீஸ்காரர்

ஃபேன் வாங்க ஓடாதீர்கள் தம்பி. அழுத்தினால் எரிகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் கன்வர்ட்டர் மேல் எதற்குச் சந்தேகம்? லைட் எரியும்போதே பேட்டரியின் உலோகத் தகட்டில் எத்தனை வோல்ட், கன்வர்ட்டரின் உள்ளீட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஆம்பியரும் வேண்டும். உங்கள் கிளாம்ப் மீட்டரில் டிசி ஆம்பியர் பார்க்கும் வசதி உண்டா? ஏசி மட்டும் காட்டும் மீட்டர் என்றால் சுழிதான் வரும், அதை நம்பிவிடாதீர்கள். வயர் என்ன கனம்?

மந்தைவெளி மெக்கானிக்

டிசி உண்டு அண்ணா. 7 ஆம்பியர். பேட்டரியில் 18.4, கன்வர்ட்டரில் 15.9. வயர் 0.5 சதுர மில்லிமீட்டர், ஒரு மீட்டர் நீளம். பேட்டரியைத் தோளில் தொங்கும் பையில் வைக்கிற மாதிரி செய்திருக்கிறேன்.

பழைய சர்வீஸ்காரர்

இரண்டரை வோல்ட் நடுவழியில் காணாமல் போகிறது. அந்த வயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.037 ஓம். போக வர இரண்டு மீட்டர், 7 ஆம்பியருக்கு அரை வோல்ட் போகும். மீதி இரண்டு வோல்ட் அடாப்டரிலோ சுவிட்சிலோதான். 2 வோல்ட்டை 7 ஆம்பியரால் பெருக்கினால் 14 வாட். சின்ன சோல்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்த கதை. லைட்டை அணைத்ததும் அடாப்டரைப் பிரித்து, தகடு உட்காரும் இடத்தைப் பாருங்கள்.

மந்தைவெளி மெக்கானிக்

பார்த்தேன். பாசிட்டிவ் பக்கம் தகட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகி வளைந்திருக்கிறது. தகடு நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, விரலால் தள்ளினால் ஆடுகிறது.

பழைய சர்வீஸ்காரர்

அதேதான். சூட்டில் ஸ்பிரிங் இழுவை போய்விட்டது, பிடி தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். டூல் சர்வீஸ் கடைகளில் உங்கள் டிரில்லுக்கான டெர்மினல் பிளாக், அதாவது பேட்டரி செருகும் தகடுகள் உள்ள பாகம், ஸ்பேராகக் கிடைக்கும், அதை வாங்கிப் போடுங்கள். வயரை 1.5 ஆக்குங்கள். பேட்டரியை ஒட்டியே ஒரு கார் ஃபியூஸ் வேண்டும். இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்பியர் தள்ளும், அதுவும் மச்சானின் தோளில் தொங்குகிற பையில்.

வேளச்சேரி வெளிச்சம்

தூரம் பற்றி நான் சொல்கிறேன். 150 வாட் போட்டாலும் எட்டாது. ரிஃப்ளெக்டர் தன் குவியத்தில் இருக்கும் புள்ளியைத்தான் தூரத்துக்கு அனுப்பும். எச்3 பல்பில் ஃபிலமென்ட் சில மில்லிமீட்டர் நீளம்தான், அதற்கென்று செய்த கிண்ணம் இது. நீங்கள் வைத்த சிஓபியின் மஞ்சள் சதுரம் பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் இருக்குமே? அதன் நடுப்பகுதி மட்டும் குவியத்தில் விழுகிறது, மீதியெல்லாம் நாலாபக்கமும் சிதறுகிறது. மொத்த வெளிச்சம் ஹாலஜனைவிடப் பல மடங்கு, ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஹாலஜனைவிடக் குறைவு. தூரத்தைத் தீர்மானிப்பது அதுவும் கிண்ணத்தின் பரப்பும்தான்.

என் யோசனை, பழைய 12 வோல்ட் 55 வாட் எச்3 பல்பையே திரும்பப் போடுங்கள். பூஸ்ட்டுக்குப் பதிலாக 12 வோல்ட்டுக்குக் குறைக்கும் பக் கன்வர்ட்டர், 10 ஆம்பியர் தாங்குவது, கரண்ட் லிமிட் வைக்கிற வசதியோடு. குளிர்ந்த ஃபிலமென்ட் முதல் நொடியில் பல மடங்கு இழுக்கும், 6 ஆம்பியரில் லிமிட் வைத்தால் மெதுவாக ஏறும். பேட்டரியை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், முழு சார்ஜில் 21 வோல்ட் இருக்கும், பல்பு உடனே போய்விடும். பேட்டரியிலிருந்து சுமார் 3.4 ஆம்பியர்தான் போகும். ஆம்பியர் பாதியானால் இணைப்புகளில் சூடு கால்வாசி. ஒரு பேட்டரிக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

எல்இடிதான் வேண்டும் என்றால் ஒன்றிரண்டு சதுர மில்லிமீட்டர் அளவுள்ள டார்ச் எல்இடி வேண்டும், அதற்கேற்ற டிரைவரும் வேண்டும். செலவும் குவிய வேலையும் அதிகம்.

ஒரு கேள்வி, இது மீனை இழுக்க இல்லையே? விளக்கு வைத்துப் பிடிப்பதற்கு 2017-லேயே மத்திய அரசு தடை போட்டிருக்கிறது.

மந்தைவெளி மெக்கானிக்

இல்லை இல்லை, கொடி தேட மட்டும்தான். ஹாலஜன் மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை! சரி, சார்ஜ் ஏறாத பேட்டரியை என்ன செய்வது?

ரிச்சி தெரு ரசிகன்

நல்ல பேட்டரியிலிருந்து பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் வயர் கொடுத்துக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். வோல்டேஜ் ஏறியதும் சார்ஜர் ஏற்றுக்கொள்ளும். யூடியூப் முழுக்க இதுதான்.

பழைய சர்வீஸ்காரர்

யூடியூபில் அப்புறம் என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை. பேட்டரிக்குள் ஐந்து செல் வரிசை. ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பார்ப்பது பல பிராண்டுகளில் பேட்டரியின் வேலை இல்லை, டூலின் வேலை. டிரில் தானாக நின்றுவிடும், உங்கள் லைட் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். ரொம்ப இறங்கிய செல்லில் உள்ளே செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அதற்கு மேல் சார்ஜ் ஏற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. சார்ஜர் மறுப்பது காரணமாகத்தான். மொத்தம் எத்தனை வோல்ட்?

மந்தைவெளி மெக்கானிக்

மொத்தம் 9.3. பிரித்து அளந்தேன். நாலு வரிசை 2.1, ஒன்று மட்டும் 0.9.

பழைய சர்வீஸ்காரர்

0.9-க்குப் போனதை எழுப்ப வேண்டாம். முனைகளை டேப் ஒட்டி மூடி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றுக்கு, வோல்டேஜ் இறங்கினால் தானாக அணைக்கும் ஒரு லோ வோல்டேஜ் கட் ஆஃப் போர்டு போடுங்கள், டிஸ்ப்ளேயோடு வருவது. 15.5-ல் நிறுத்தி, 18-ல் மறுபடி சேர்க்கிற மாதிரி வையுங்கள். இந்த இரண்டு அளவும் நெருக்கமாக இருந்தால், சுமை போனதும் வோல்டேஜ் ஏறி, திரும்ப எரிந்து, திரும்ப அணைந்து ரிலே டக்டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த போர்டும் கொஞ்சம் குடிக்கும், வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

மந்தைவெளி மெக்கானிக்

எல்லாம் மாற்றிவிட்டேன். பத்து மீட்டர் தள்ளி ஃபோனில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் ஆப் வைத்துப் பார்த்தேன். சிஓபியில் 130 வந்தது, ஹாலஜனில் 400. அடாப்டர் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை.

வேளச்சேரி வெளிச்சம்

அருமை. பத்து மீட்டர் லக்ஸை நூறால் பெருக்கினால் கேண்டெலா, அதாவது ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் வலு, 40,000. அதன் வர்க்கமூலம் 200, இரண்டால் பெருக்கினால் 400 மீட்டர். டார்ச் பெட்டியில் போடும் தூரக் கணக்கு இதுதான், முழுநிலா அளவுக்கு 0.25 லக்ஸ் விழும் தூரம். கொடி தெரிய அதில் பாதி தூரம் என்று வையுங்கள். லைட்டைக் கண் மட்டத்தில் பிடிக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள். கடல் சாரலில் பட்டு வெளிச்சம் திரும்பி, முன்னால் வெள்ளைத் திரை போட்ட மாதிரி ஆகிவிடும். இடுப்பு உயரத்தில், போட்டின் வெள்ளை விளிம்பில் படாமல் வெளியே நீட்டிப் பிடித்தால் நல்லது.

மந்தைவெளி மெக்கானிக்

சொல்கிறேன். கடைசியாக ஒன்று, ஃபியூஸ் 7.5 ஆம்பியர் போட்டிருக்கிறேன், சரிதானா? உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?

பழைய சர்வீஸ்காரர்

7.5 சரி. பேட்டரி 15.5-க்கு இறங்கும்போதும் 4 ஆம்பியர்தான் போகும். போர்டுகளை மூடியுள்ள டப்பாவில் வைத்து, வயர் வரும் ஓட்டையில், வயரைச் சுற்றி அடைக்கும் ரப்பர் கிளாண்ட் போடுங்கள். டெர்மினல் தகட்டில் வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள். கரைக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துக் காயவைத்துவிட்டு மறுபடி தடவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பச்சை பிடித்துவிடும்.