யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறேன், 50 வயதில் விருப்ப ஓய்வு பெறலாமா?

பொன்னி, திருச்சி:
மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். 2005 ஆகஸ்ட்டில் சேர்ந்தேன். இந்த ஆகஸ்ட்டில் 21 ஆண்டு முடிகிறது. அம்மா பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் நான் புடவை கட்டும்போதே முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார். இடது கை அசையாது, வலது கைப் பிடி மட்டும் இரும்பாக இருக்கிறது. அந்த விரல்களைப் பிரித்துவிட்டுப் பஸ் ஏறுவது இனி என்னால் முடியாது.

2025 நவம்பர் கெடுவுக்குள் யு.பி.எஸ்.-ஐத் தேர்வு செய்துவிட்டேன். அடிப்படைச் சம்பளத்தின் 12 மாதச் சராசரி ஏறக்குறைய 60,000. என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் என் 10 சதவீதம், அரசின் பங்கு, வளர்ச்சி எல்லாம் சேர்ந்து 62 லட்சம் இருக்கிறது. இப்போது வெளியே வந்தால் மாதம் 30,000 கிடைக்குமா?

ஓய்வுபெற்ற கணக்காளர், மதுரை:
கிடைக்காது அம்மா. சராசரிச் சம்பளத்தின் முழுப் பாதியான 30,000-க்கு 25 ஆண்டு, அதாவது 300 மாதம் வேண்டும். 20 ஆண்டு முடித்தவருக்கு விகிதப்படிதான். உங்கள் 252 மாதத்துக்கு 30,000 × 252 ÷ 300 = 25,200. அதைவிட முக்கியமானது, அந்தப் பணம் உங்களுக்கு 60 வயது ஆகும் மாதத்திலிருந்துதான் வரும். அகவிலை நிவாரணமும் அப்போதுதான் தொடங்கும். இடையில் பத்து ஆண்டு மாதப் பணம் எதுவும் இல்லை. இதைப் பார்க்காமல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.

பணிக்கொடை உடனே வரும். அரையாண்டுக்கு கால் மாதச் சம்பளம் வீதம், 42 அரையாண்டுக்குப் பத்தரை மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும். யு.பி.எஸ்.-இன் தனி மொத்தத் தொகை அரையாண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு, ஆக 4.2 மாதச் சம்பளம். ஈட்டிய விடுப்புப் பணமும் உண்டு. இவற்றை வைத்துப் பத்து ஆண்டு ஓட்ட முடியாது.

வைகறை:
அக்கா, ஒரு வழி இருக்கிறது. யு.பி.எஸ்.-இலிருந்து என்.பி.எஸ்.-க்கு ஒருமுறை மாறலாம். விருப்ப ஓய்வுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மாறியிருக்க வேண்டும். மாறினால் யு.பி.எஸ்.-இன் உறுதியான மாதத் தொகை போய்விடும், திரும்ப முடியாது. ஆனால் 20 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வு பெறுபவருக்கு வயது ஓய்வுக்குரிய பலன் அப்படியே உண்டு. 62 லட்சத்தில் 60 சதவீதமான 37.2 லட்சத்தை வரியில்லாமல் எடுக்கலாம். மீதி 24.8 லட்சத்துக்கு ஆனுவிட்டி, அதாவது மாதாமாதம் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம். 6 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 12,400, உடனே.

விருப்ப ஓய்வுக்கு முன்னறிவிப்பும் மூன்று மாதம்தான் என்பதால் பலர் இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். மாற்ற உத்தரவு கைக்கு வந்த பிறகு ஓய்வுக் கடிதம் கொடுங்கள்.

கணக்காளர், மதுரை:
தம்பி சொல்வது சரி. ஆனால் ஆனுவிட்டி 12,400 கடைசிவரை 12,400தான், விலைவாசியோடு ஏறாது. அந்த 37 லட்சத்தை வீட்டுக்கும் நகைக்கும் தொட்டுவிடாதீர்கள். இன்னொன்று, பணிப்பதிவேட்டை முதலில் பாருங்கள். நான் ஓய்வு பெற்றபோது ஆறு மாத விடுப்புக்குப் பதிவே இல்லை. அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் அலைந்தேன்.

பொன்னி, திருச்சி:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. அறுபது வயதுக்குப் பிறகுதான் என்ற வரியை நான் கவனிக்கவே இல்லை.

இன்று பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். 2009-இல் மருத்துவச் சான்று இல்லாமல் நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறேன். அதைக் கழித்தால் 248 மாதம். 20 ஆண்டு தாண்டித்தான் இருக்கிறது. யு.பி.எஸ்.-இலேயே இருந்தால் 25,200 என்பது 24,800 ஆகும், அதுவும் 2036-இல். எனக்குப் பணம் இப்போது வேண்டும், அம்மா இப்போது இருக்கிறார். திங்கட்கிழமை மாற்ற விண்ணப்பம் கொடுக்கிறேன். உத்தரவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.