சிங்கப்பூரிலிருந்து நெடும்பயணத்துக்கு எந்த ஃபோர் வீல் வண்டி? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூனிலிருந்து:

எஞ்சின் பலத்தைப் பார்ப்பதா, பெயரைப் பார்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. போகிற வழியில் அந்த வண்டிக்கு உதிரிச் சாமான் கிடைக்குமா என்பதை முதலில் பாருங்கள்.

ஜோகூரில் இருக்கும் என் மச்சானின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் வடதாய்லாந்து வழியாக லாவோஸ் போனோம். தாய்லாந்தின் ‘நான்’ என்ற மாநிலத்து மலைப்பாதையில் சூட்டு முள் ஏறிக்கொண்டே போனது. பானட்டைத் திறந்தால், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. டேப் சுற்றி, தண்ணீர் ஊற்றி ஊற்றி அடுத்த ஊர் வரை இறக்கினோம். அங்கிருந்த மெக்கானிக்குக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. கிழிந்த ஹோஸைக் கையில் வாங்கிப் பார்த்தார், சுவரில் ஆணியில் தொங்கியவற்றில் ஒன்றை எடுத்தார், மாட்டினார். ஹைலக்ஸும் அதேபோன்ற இசுசு டிமேக்ஸும் தாய்லாந்திலேயே தயாராகின்றன, அதனால்தான் சின்ன ஊரிலும் இது நடக்கிறது.

கூட வந்த நண்பருடையது விலை அதிகமான புது டீசல் வண்டி. மலையில் நாள் முழுக்க மெதுவாக ஏறியதில் புகைக்குழாய் வடிகட்டியில் கரி அடைத்து, எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொண்டது. அந்த வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளச் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவேண்டும், மலைப்பாதையில் அதற்கு ஏது வழி? கந்தகம் அதிகமுள்ள டீசல் போட்டால் நிலைமை இன்னும் மோசம். கணினியை இணைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் அவர் பாங்காக் வரை திரும்பவேண்டியதாயிற்று.

1984 முதல் வரும் டொயோட்டா லேண்ட் குரூஸர் 70 வரிசை பற்றியும் கேட்டீர்கள். அதன் டர்போ இல்லாத 4.2 லிட்டர் டீசல் எஞ்சின் ஆப்பிரிக்காவில் பேர்பெற்றது. எனக்கும் அதன்மேல் தீராத ஆசைதான். ஆனால் நம் வட்டாரத்தில் ஹைலக்ஸ் சாமான் தொங்கும் கடையில் அதன் சாமான் தொங்காது.

தெம்பனிஸிலிருந்து:

அண்ணன் சொன்னது சரி. நான் எடையைச் சேர்த்துக்கொள்கிறேன். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டிகள் பலவற்றில், ஆட்களையும் சேர்த்து 600, 700 கிலோதான் ஏற்றலாம். நான்கு பேர் ஏறினாலே 300 போய்விடும். 40 லிட்டர் தண்ணீர், கூரைக் கூடாரம், இன்னொரு ஸ்பேர் டயர், இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் என்று அடுக்கினால் மீதியும் போச்சு. அந்தப் பாரத்தோடு மண்பாதையில் குதிக்கக் குதிக்க ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான் அடிவாங்கும். கூரையில் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும். லேடர் சேஸியும் (ஏணி மாதிரி இரும்புச் சட்டம்) மெதுவாகப் பலமாக இழுக்கும் லோ கியரும் உள்ள வண்டியாகப் பாருங்கள், அலங்காரத்தைக் குறையுங்கள். வலது ஸ்டியரிங் வண்டி லாவோஸில் ஓடும், ஆனால் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும். முந்தும்போது பக்கத்தில் இருப்பவர்தான் கண்.

பொங்கோலிலிருந்து:

இங்கேயே வாங்கிப் போக நினைக்கிறவர்களுக்கு என் அனுபவம். சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், 10 ஆண்டு செல்லும். அதன்பிறகு 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம், 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது. பத்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் சில ஆண்டுகளுக்குக் கூடிக்கொண்டே போகும். அதனால் பழைய ஃபோர் வீல் வாங்கும்போது வண்டி விலையை மட்டும் பார்த்துப் பயனில்லை.

பழசு என்று ஒதுக்கவும் வேண்டாம். 1955ல் லண்டனிலிருந்து கிளம்பிய இரண்டு லேண்ட் ரோவர்கள் மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்றைச் சீர்செய்து, 2019ல் இங்கிருந்து லண்டனுக்கே ஓட்டிப்போனார்கள். நம் ஊர்ப் பழைய வண்டிகளை மீட்டரை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள். குறைவாக ஓடியிருக்கும், ஆனால் ரப்பர் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் வயதாகிக்கொண்டே இருக்கும். நான் வாங்கிய டொயோட்டா பிராடோவின் டயர்களில் பூ (தரையில் படும் வரிப்பள்ளம்) அழியவே இல்லை, பக்கச்சுவரில் மட்டும் மயிரிழை வெடிப்புகள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், தயாரான வாரமும் ஆண்டும் அதில் இருக்கும். கிளம்பும் முன் டயர், ஹோஸ், பெல்ட், புஷ் என்ற ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். கழற்றியவற்றில் நன்றாக இருந்த பெல்ட்டைப் பின்சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறோம்.

இந்தியா வரை போகிறவர்கள் சுங்கவரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் கார்னே பத்திரத்துக்கு ஆட்டமொபைல் அசோசியேஷனில் முன்கூட்டியே கேளுங்கள். பிணைத்தொகை வண்டியின் மதிப்பைப் பொறுத்தது, விலை குறைந்த வண்டிக்கு அதிலும் லாபம்.