தீ ஏறும் உயரம்

எங்கள் ஊர் மசினகுடிக்குப் பக்கம். அப்பா காட்டில் வாட்சராக இருந்தவர். சின்ன வயதில் அவரோடு தீ அணைக்கப் போயிருக்கிறேன். சருகும் புல்லும்தான் எரியும், முழங்கால் உயரம் இருக்கும். பச்சைத் தழையை ஒடித்து அடித்தால் அடங்கிவிடும். பட்டை கருகின மரமெல்லாம் மழை விழுந்ததும் தளிர்க்கும்.

நான் கடைசியாகப் பார்த்த தீ வேறு மாதிரி. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்த இடம் அது. வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே காய்ந்த குச்சி அடுக்கடுக்காக இருக்கும். அதைப் பிடித்துத் தீ மரக்கிளைக்கே ஏறிவிட்டது. பக்கத்தில் நிற்க முடியாமல் தழையைப் போட்டுவிட்டு ஓடி வந்தோம். முன்பெல்லாம் தைப்பனி தரையில் இருக்கும்போதே, தீ தாண்டாமல் இருக்கப் புல்லை வரிசையாக எரித்து வைக்கும் தடுப்புக் கோடுகளைப் போட்டு முடிப்பார்களாம். ஈரத்துக்குத் தீ தானாகப் படுத்துவிடும் என்பார் அப்பா. இப்போது ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்த வருடங்களில் தை முடிவதற்குள் புல் முறுகிவிடுகிறது. கோடு எரிக்கவே பயமாக இருக்கிறது.

*

என் ஊர் போடி. 2018 மார்ச் 11, குரங்கணித் தீ. மலையேறப் போனவர்களில் 23 பேரை இழந்தோம். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகம் நேரில் பார்த்தால்தான் புரியும். கீழே எரியும் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. மூங்கில் உரசிப் பற்றுகிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். நம் பக்கம் பெரும்பாலும் மனிதக் கைதான் காரணம்: அணைக்காத பீடி, தோட்டத்தில் கொளுத்திய சருகு, புதுப்புல்லுக்காக வைக்கும் தீ. அதே பீடி ஈரத்தில் விழுந்தால் அணைந்து போகும். வறண்டு கிடக்கிற மலையில் விழும்போது அப்படி இல்லை.

*

சத்தியமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் எழுதியவர் சொன்ன உண்ணிச்செடி பற்றி ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் கோடை முற்றுவதற்கு முன்பே சருகை மட்டும் மெல்ல எரிய விடுவார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். 1974-இல் அந்த மலை சரணாலயம் ஆனது, அப்புறம் அந்த வழக்கம் நின்றுபோனது. சிறு தீ இருந்தவரை உண்ணிச்செடி இப்படிப் பெருகவில்லை என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அங்கே ஒரு பெரியவர் என்னை நெல்லி மரத்தடிக்குக் கூட்டிப் போனார். கிளையெல்லாம் புல்லுருவி. "தீ போச்சு, இது வந்துச்சு" என்றார்.