சிறிய படகில் டவுன்ரிக்கரை எங்கே, எப்படிப் பொருத்துவது?

கேள்வி: ஓடைக்கரை

என்னிடம் இருப்பது நாலரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் கொண்ட ஃபைபர் படகு. பின்பலகையில் உள்ள அவுட்போர்டு இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்னிருக்கையில் அமர்ந்து, பெரும்பாலும் தனியாகவே ஓட்டுகிறேன். ஆழத்தில் நிற்கும் மீன்களுக்காகக் கையால் சுற்றும் டவுன்ரிக்கர்கள் (கம்பியில் குண்டைத் தொங்கவிட்டுத் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவிகள்) இரண்டை வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 60 செ.மீ. நீளமுள்ள கை, 150 பவுண்டு இழுவிசை தாங்கும் எஃகுக் கம்பி, 10 பவுண்டு ஈயக்குண்டு ஆகியவை உள்ளன.

படகின் மேல்விளிம்பு ஏறத்தாழ 15 செ.மீ. அகலமுடையது. மேலும் கீழும் ஃபைபர், இடையில் ஒட்டுப்பலகை என்ற அடுக்கில் செய்யப்பட்டது. அடிப்பகுதியைக் கையால் தொட முடிகிறது. குண்டின் எடை நாலரைக் கிலோதான் என்பதால், நான்கு பெரிய ஸ்குரூக்களை மேலிருந்து இறுக்கினாலே போதும் என்று விற்றவர் கூறினார். அதை ஏற்க மனம் தயங்குகிறது. ஸ்குரூ போதுமா, போல்ட் வேண்டுமா? விளிம்பில் எந்த இடத்தில் பொருத்தினால் கம்பி இன்ஜின் விசிறியில் சிக்காது? விளிம்பைத் துளைத்தபின் மனம் மாறுவது எளிதன்று என்பதால், அனுபவமுள்ளவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

பதில்: ஆழ்நீர்

தங்கள் தயக்கம் மிகவும் நியாயமானது. குண்டின் எடையை மட்டும் கொண்டு கணக்கிட்டால் ஸ்குரூ போதும் என்றுதான் தோன்றும். ஆனால் டவுன்ரிக்கரின் அடித்தளம் தாங்க வேண்டியது குண்டின் எடையை அன்று, அந்தக் குண்டு அடியில் ஒரு பாறையிலோ மூழ்கிய மரத்திலோ மாட்டிக்கொண்டு, படகு அதை உணராமல் முன்னேறும்போது ஏற்படும் இழுவையை. அப்போது கம்பி அறுபடும்வரை, அதாவது 150 பவுண்டு வரை, ஏறத்தாழ 68 கிலோ விசை கையின் நுனியில் வந்து விழும்.

அதை அடித்தளத்தில் உள்ள போல்ட்டுகளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். குண்டு சும்மா தொங்கும்போது 4.5 கிலோவை 60 செ.மீ.யால் பெருக்கினால் 270 கிலோ-செ.மீ. திருப்புவிசை. போல்ட்டுகளுக்கு இடையே 12 செ.மீ. இருந்தால், உட்புறமுள்ள இரண்டு போல்ட்டுகளையும் சேர்த்து மேல்நோக்கி இழுப்பது 22 கிலோ அளவுதான். இதைத்தான் விற்றவர் மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார். குண்டு மாட்டிக்கொண்டாலோ 68-ஐ 60-ஆல் பெருக்க 4,080. அதை 12-ஆல் வகுக்க 340 கிலோ. ஒவ்வொரு போல்ட்டுக்கும் 170 கிலோ. அது நேர் கீழ்நோக்கிய இழுவையுமன்று. கம்பி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அடித்தளத்தை முறுக்கவும் செய்யும். சில மில்லிமீட்டர் ஃபைபரிலும் ஒட்டுப்பலகையிலும் பற்றியிருக்கும் ஸ்குரூவின் மரைகள் இத்தகைய இழுவையை ஒருமுறை தாங்கினாலும், அலையில் படகு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தளர்ந்துவிடும்.

ஆகவே விளிம்பை முழுவதும் ஊடுருவிச் செல்லும் 8 மி.மீ. போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள். உப்புநீர் என்றால் 316 தரத் துருப்பிடிக்கா எஃகு வேண்டும். விளிம்பின் அடியில் வெறும் வாஷரோடு நிறுத்திவிடாமல், அடித்தளத்தைவிட நாற்புறமும் ஐந்து செ.மீ. அளவுக்குப் பெரியதாக ஒரு தாங்கு தகட்டை வையுங்கள். விளிம்பின் அகலம் இடம் தராத பக்கத்தில், அந்த அளவை நீளவாக்கில் கூட்டிக்கொள்ளலாம். தகட்டுக்கு 6 மி.மீ. அலுமினியமோ, எபாக்சிப் பிசின் பூசிய 12 மி.மீ. கடல்தர ஒட்டுப்பலகையோ ஏற்றது. அதன் முனைகளையும் ஓரங்களையும் அரத்தால் உருட்டிவிட வேண்டும். கூரான ஓரம் இருந்தால் அந்தக் கோட்டிலேயே ஃபைபர் விரிசல் விடத் தொடங்கும். ஃபைபரின் அடிப்பக்கம் சொரசொரப்பாகவும் மேடுபள்ளமாகவும் இருப்பதால், கெட்டியாக்கிய எபாக்சியைத் தடவி அதன்மேல் தகட்டை அமர்த்தினால்தான் முழுப்பரப்பும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

தங்கள் விளிம்பில் ஒட்டுப்பலகை இருப்பதுதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. துளையின் வழியே நீர் அந்தப் பலகையை அடைந்துவிட்டால், மேலே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே மக்கிக்கொண்டே போகும். ஒரு நாள் போல்ட்டை இறுக்கும்போது விளிம்பே அமுங்கும். இதைத் தவிர்க்க, 8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 13 மி.மீ. துளை இடுங்கள். அடியில் நாடாவை ஒட்டி, துளை முழுவதையும் கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, நன்றாக இறுகியபின் அதன் நடுவே 8 மி.மீ. துளை இடுங்கள். இப்போது போல்ட் எபாக்சிக் குழாய்க்குள் நிற்கிறது. பலகைக்கும் நீருக்கும் தொடர்பே இல்லை. இறுக்கும்போது பலகை நசுங்குவதும் இல்லை. ஒரு நாள் கூடுதலாகச் செலவாகும். படகின் ஆயுளோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அன்று.

கடைசியாகத் துளையின் மேல்வாயைச் சற்றே சரிவாகக் குடைந்து, அதில் பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து, போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பி இறுக்குங்கள். போல்ட்டைத் திருப்பினால் சீலண்ட் வளையம் கிழிந்துவிடும். சிலிகான் வேண்டாம். ஃபைபரை விட்டுச் சீக்கிரம் கழன்றுகொள்ளும். பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

பதில்: துடுப்பு

பொருத்தும் வலிமையைப் பற்றி ஆழ்நீர் எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு. இடத்தைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

இருக்கையில் அமர்ந்தபடி, ஒரு கை இன்ஜின் பிடியில் இருக்க, மறு கையால் டவுன்ரிக்கரின் பிரேக்கை எட்ட முடிய வேண்டும். தனியாக மீன்பிடிப்பவருக்கு இதுவே முதல் நிபந்தனை. எழுந்து நடந்து சென்று இயக்க வேண்டிய இடத்தில் பொருத்தினால், குண்டு மாட்டிக்கொள்ளும் அந்த நேரத்தில் தாங்கள் இன்ஜினை விட்டு விலகி, ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கத்தில் தங்கள் எடையையும் சேர்ப்பீர்கள்.

அதேசமயம் பின்மூலையிலேயே வைத்துவிட்டால் இன்ஜின் கைப்பிடி முழுவதும் திரும்ப இடமிருக்காது. முழங்கையும் இடிக்கும். இதுபோன்ற படகுகளில் பின்பலகையிலிருந்து 60 செ.மீ. அளவுக்கு முன்னே வைத்து, டவுன்ரிக்கரின் கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டுவதையே நான் விரும்புகிறேன். அப்போது கம்பி நீரில் இறங்கும் இடம் விசிறியிலிருந்து குறுக்கே ஒரு மீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருக்கும். இன்னும் முன்னே தள்ளிப் பொருத்துவோரும் உண்டு. நான் அதற்கு உடன்பட மாட்டேன். கம்பி எப்போதும் பின்னோக்கியே சாய்கிறது; எவ்வளவு முன்னே தொடங்குகிறதோ அவ்வளவு நீளத்துக்கு அது படகின் பக்கவாட்டை ஒட்டி ஓடி, கடைசியில் விசிறிக்கு நெருக்கமாக வந்து சேரும்.

திருப்பங்களில்தான் கம்பி பெரும்பாலும் சிக்குகிறது. படகு இடப்பக்கம் திரும்பும்போது, குண்டுகள் பழைய தடத்தில் வருவதால், வலப்பக்கக் கம்பி படகின் பின்புறத்துக்கு அடியில் நுழையப் பார்க்கும். இடப்பக்கக் குண்டோ வேகம் குறைந்து ஆழமாக இறங்கி அடியைத் தொடும். எனவே அகன்ற வட்டமாகத் திருப்புங்கள். அடி ஆழம் குறையும் பக்கமாகத் திரும்புவதற்கு முன் உட்பக்கக் குண்டைச் சற்றே உயர்த்திக்கொள்ளுங்கள்.

சுழலும் அடித்தளம் ஒன்றையும் இடையில் சேர்த்துக்கொண்டால், கரையணையும்போது கையை உட்புறம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். தூண்டில் நூலைப் பற்றும் கிளிப்பைக் குண்டில் மாட்டுவதற்காக விளிம்புக்கு வெளியே எட்டிச் சாய வேண்டிய தேவையும் இராது. ஆனால் அதன் பூட்டு ஊசி ஆட்டம் இல்லாமல் இறுக்கமாக நிற்கிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள்.

பதில்: மரக்கலம்

துளையிடுவதற்கு முன் ஒரு யோசனை. படகின் இரு விளிம்புகளுக்கும் வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு தடித்த பலகையைப் படகின் குறுக்கே வைத்து, கிளாம்ப்புகளால் இறுக்கி, அதன் இரு முனைகளில் டவுன்ரிக்கர்களைப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். பலகையை முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடத்தைக் கண்டபின் துளையிடலாம். கிளாம்ப் நழுவினாலும் கருவி நீரில் போகாமல் இருக்க, டவுன்ரிக்கரை ஒரு கயிற்றால் படகில் கயிறு கட்டும் உறுதியான கொம்பில் கட்டிவையுங்கள். இந்த ஏற்பாட்டில் இலகுவான குண்டை மட்டும், அடி ஆழம் தெளிவாகத் தெரிந்த இடத்தில் பயன்படுத்துங்கள். இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள எண்ண வேண்டாம்.

அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். துருப்பிடிக்கா எஃகு போல்ட் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால் அரிக்கப்படுவது அலுமினியமே. நைலான் வாஷரும், மரைகளில் காப்புப் பசையும் கட்டாயம் வேண்டும். விளிம்பின் நீளவாக்கில் அலுமினியத் தண்டவாளம் பொருத்தி அதில் அடித்தளத்தை நகர்த்திக்கொள்வது அத்தகைய படகுகளுக்கு நல்ல வழி. சுமை பல போல்ட்டுகளுக்குப் பரவுகிறது.

ஓடைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பலகையை வைத்து இடத்தை முடிவு செய்துவிட்டேன். பின்பலகையிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. முன்னே எல்லாம் வசதியாக அமைகிறது. ஆனால் புதிதாக ஒரு சிக்கல் தெரிகிறது. வலப்பக்கத்தில் அந்த இடத்துக்குக் கீழே விளிம்பின் அடிப்புறம் உள்பலகையால் மூடப்பட்டிருப்பதால் நட்டை எட்ட முடியவில்லை. அங்கு மட்டும் ஸ்குரூவைப் பயன்படுத்தலாமா? பின்னாளில் மின்சார டவுன்ரிக்கருக்கு மாறினால் இதே பொருத்தம் போதுமா என்பதையும், குண்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: ஆழ்நீர்

அங்கு மட்டும் ஸ்குரூ என்று முடிவு செய்யாதீர்கள். உள்பலகையில் கை நுழையும் அளவுக்கு, 15 செ.மீ. அல்லது 20 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டத் துளை வெட்டி, திருகு மூடியுள்ள பரிசோதனை வாசலைப் பொருத்திவிட்டால் நட்டை எட்டலாம். பின்னாளில் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதுவே வழி. வெட்டுமுன் அந்தப் பக்கத்தில் எரிபொருள் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தாங்கு தகடு அந்த வாசலில் நுழையாவிட்டால், இரண்டு பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றும் இரண்டு போல்ட்டுகளைத் தாங்கும்படி உள்ளே வையுங்கள்.

மின்சார டவுன்ரிக்கரின் அடித்தளம் தாங்க வேண்டிய விசை ஏறத்தாழ இதேதான். ஆகவே பொருத்தம் மாற வேண்டியதில்லை. ஆனால் கருவி கனமானது. கையும் பெரும்பாலும் நீளமாக வரும். 120 செ.மீ. கை என்றால் மேலே சொன்ன 340 கிலோ இரட்டிப்பாகிறது. தங்கள் படகுக்கு 60 செ.மீ. கையே போதும் என்பது என் உறுதியான கருத்து.

மின்கம்பியின் தடிமனில் சிக்கனம் கூடாது. மோட்டார் சுமையில் 20 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரி ஐந்து மீட்டர் தொலைவில் உள்ளது என்று கொள்வோம். போய்வரும் செம்புக் கம்பி பத்து மீட்டர். 2.5 சதுர மி.மீ. கம்பியில் 1.4 வோல்ட் வழியிலேயே வீணாகும். 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 6 சதுர மி.மீ. என்றால் இழப்பு 0.6 வோல்ட்தான். வெள்ளீயம் பூசிய கடல்தரக் கம்பியாக வாங்குங்கள். ஃபியூஸை டவுன்ரிக்கரின் அருகில் வைக்காமல் பேட்டரியின் அருகில் வையுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் என்பது அமெரிக்கப் படகுத் தரநிலையான ஏபிஒய்சியின் பொது விதி. கம்பி வழியில் எங்கே உரசிப் பழுதானாலும் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான்.

இனி, குண்டு மாட்டிக்கொள்வது. ஒன்றரை மீட்டர் அகலப் படகில், விளிம்புக்கு வெளியே 60 செ.மீ. தள்ளி 68 கிலோ இழுப்பது, ஒரு ஆள் அந்தக் கையின் நுனியில் தொங்குவதற்குச் சமம். அலை சேர்ந்துகொண்டால் விளிம்பு நீருக்குள் போகலாம். எனவே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது போல்ட்டோ விளிம்போ படகோ ஆகாமல் இருக்கும்படி, எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைத் தாங்களே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். முதல் காவல், கிளட்ச், அதாவது கம்பிச் சுருளை இறுக்கிப் பிடிக்கவோ நழுவவிடவோ உதவும் பிடி. குண்டைத் தொங்கவிட்டு, அது மெல்ல நழுவத் தொடங்கும்வரை தளர்த்துங்கள். பின்னர் ஓடும்போது நீரின் எதிர்ப்பையும் சேர்த்துத் தாங்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். குண்டு மாட்டினால் கம்பி தானாக ஓடும். தங்களுக்கு நேரம் கிடைக்கும். இரண்டாம் காவல், கம்பியின் முனைக்கும் குண்டுக்கும் இடையே கம்பியின் பாதி வலிமையுள்ள ஒரு நைலான் இணைப்பு. இதனால் குண்டை இழக்கலாம், டவுன்ரிக்கரை இழக்க மாட்டீர்கள். மேலே சொன்ன எல்லா விசைகளும் பாதியாகிவிடுகின்றன.

மாட்டியது தெரிந்ததும் இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சைத் தளர்த்துங்கள். மறுபக்கக் கம்பியை முழுவதும் சுற்றி எடுத்துவிட்டு, இன்ஜினை உயர்த்திவிட்டுத் துடுப்பாலோ, இன்ஜினாலேயே மிக மெதுவாகவோ கம்பி போகும் திசையில் பின்வாங்கி, குண்டு மாட்டிய இடத்துக்கு நேர்மேலே வாருங்கள். பெரும்பாலும் எதிர்த்திசையில் இழுத்தால் விடுபடும். கம்பியைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. காற்றும் நீரோட்டமும் இடம் தராவிட்டால் வெட்டிவிடுங்கள். எஃகுக் கம்பியை வெட்டும் குறடு இருக்கையின் அடியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். விறைத்த கம்பி வெட்டுப்பட்டதும் துள்ளும் என்பதால், கிளட்சைத் தளர்த்தி விறைப்பைக் குறைத்தபின், முகத்தை விலக்கிக்கொண்டு வெட்டுங்கள்.

பதில்: துடுப்பு

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கம்பி அதிகமாகப் பின்னோக்கிச் சாய்கிறது என்று கனமான குண்டுக்கு மாறும் முன், வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். வேகம் இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. நேர்க்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால், 30 மீட்டர் கம்பி விட்டதாக டவுன்ரிக்கரின் நீளங்காட்டி காட்டினாலும் குண்டு நிற்பது 26 மீட்டரில்தான். அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு கம்பியைச் சற்று நீட்டி விட்டாலே போதும். பொருத்தியபின் முதல் முறை ஓடிவந்ததும் எட்டு நட்டுகளையும் தொட்டுப் பார்த்து மீண்டும் இறுக்குங்கள். புதிய சீலண்ட் சற்றே அமுங்கியிருக்கும்.