மகளின் வியர்வை நாற்றத்துக்கு வீட்டிலேயே வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது. நான்கைந்து மாதங்களாக அக்குளில் வியர்வை நாற்றம் கடுமையாக இருக்கிறது. இரண்டு வேளை குளிக்கிறாள். ஆனாலும் மாலையில் வீடு திரும்பியதும் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் போய்விடுகிறாள். நேற்று என்னைக் கட்டிக்கொள்ளக்கூட வரவில்லை. மனது தாங்கவில்லை.

வியர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. பருவ வயதில் அக்குள் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்க, தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த வியர்வையைச் சிதைப்பதால்தான் நாற்றம் வருகிறது. அவள்மீது எந்தக் குறையும் இல்லை. அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிப் பார்த்தோம். மூன்றாம் நாளே தோல் சிவந்து எரிந்தது, நிறுத்திவிட்டேன். எரியும் என்ற பயத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தொடவே இல்லை. பாலியெஸ்டர் சட்டைகளை ஒதுக்கிப் பருத்திக்கு மாறியதில் ஓரளவு பலன் தெரிகிறது. ஆனால் துவைத்துக் காய்ந்த பழைய சட்டையில்கூட, இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் அக்குள் பகுதியிலிருந்து அதே வாடை கிளம்புகிறது. வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் போகுமா? எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? படிகாரம் இந்த வயதுத் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.